பசித்தவர் நடுவே ஒரு கோயில்

உண்ண உணவில்லாத ஊரில் இறைவனுக்கு ஆலயம் எழுப்புவது தர்மமா? அதற்காகத் தொலைதூர நாட்டிலிருந்து ஒருவர் பொருள் அனுப்புவது புண்ணியமா, பொருந்தாத செயலா? கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இக்கேள்விக்கு விடை காண்பது அத்தனை எளிதன்று.

இதைச் சிந்திப்பதற்கு ஆப்பிரிக்கக் கண்டம் மிகப் பொருத்தமான களம். 1900-ஆம் ஆண்டில் அங்கு வாழ்ந்த கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள் சுமார் 20 லட்சம் பேர்தாம். 2023-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 28 கோடி. இவர்களுக்கென எழுந்த ஆலயங்கள், பள்ளிகள், மருத்துவமனைகள், குருமாணவர் பயிலகங்கள் ஆகியவற்றுள் பல, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள பக்தர்களின் காணிக்கையால் உருவானவை. மக்கள் மாமர நிழலில் கூடி வழிபடும் கிராமத்திற்குக் கூரைத் தகடும் சிமெண்டும் வாங்கப் பணம் வருகிறது. அதே கிராமத்தில் நல்ல குடிநீர் இல்லை. மழை பொய்த்தால் வீடுகளில் அடுப்பு எரிவதில்லை. இந்த இரண்டையும் ஒருங்கே காண்பவரின் மனம் கலங்குவது இயல்பு.

இது வேறொரு மதத்தவரின் விஷயம், நாம் ஏன் ஆராய வேண்டும் என்று சிலர் எண்ணலாம். ஆனால் கொடுப்பதும் பெறுவதும் எல்லா மதத்தவருக்கும் பொதுவானவை. பிறர் முற்றத்தில் நடப்பதைப் பரிவோடு ஆராயும்போது நம் முற்றமும் தெளிவாகத் தெரியும்.

சிகாகோவில் எழுந்த கேள்வி

இந்தக் கேள்வி நம்மவர்க்குப் புதிதன்று. 1893-ஆம் ஆண்டு சிகாகோவில் நடந்த சர்வமத மகாசபையில், செப்டம்பர் 20-ஆம் தேதி சுவாமி விவேகானந்தர் ஆற்றிய சிற்றுரை முழுவதும் இதைப் பற்றியதே. இந்தியாவெங்கும் தேவாலயங்களை எழுப்பும் அன்பர்கள், அங்கே பட்டினியால் மடியும் உடல்களைக் காப்பாற்ற ஏன் முயலவில்லை என்று அவர் அச்சபையினரிடமே கேட்டார். இந்தியர்க்கு மதத்தில் குறைவில்லை. அவர்களுக்கு இல்லாதது உணவு என்பதே அவ்வுரையின் சாரம்.

இந்தச் சொற்களின் நியாயத்தை எவரும் மறுக்க இயலாது. பசித்தவனிடம் தத்துவம் பேசுவது அவனை அவமதிப்பதாகும். எனினும், அதே சுவாமிஜி சில ஆண்டுகளுக்குப் பிறகு கங்கைக் கரையில் நிலம் பெற்று, மேலை நாட்டு அன்பர்களின் பொருளுதவியுடன் ஒரு மடத்தை நிறுவினார் என்பதையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும். அவர் முன்பு சொன்னதற்கு இது முரண்பாடா? அன்று. அவர் ஆலயத்தை எதிர்க்கவில்லை; பசியைக் காணாத ஆலயத்தையே எதிர்த்தார். அப்படியானால், பசியைக் காணும் ஆலயம் எது, காணாத ஆலயம் எது என்று பிரித்தறிவதே நம் முன்னுள்ள வேலை.

வாரத்திற்கு ஒரு காசு

மறைபணிகளுக்கு அனுப்பப்படும் பணமெல்லாம் செல்வந்தரின் பெட்டியிலிருந்து வருவது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரில் பட்டுத் தொழில் செய்த குடும்பம் ஒன்றில் 1799-இல் பிறந்தவர் போலின் ஷாரிகோ என்ற பெண்மணி. பத்துப் பேர் ஒரு குழுவாகச் சேர வேண்டும். ஒவ்வொருவரும் வாரத்திற்கு மிகச் சிறிய காசு ஒன்றைத் தர வேண்டும். அத்தகைய பத்துக் குழுக்களின் காசைத் திரட்ட ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். இதுவே அவர் வகுத்த முறை. இதிலிருந்து 1822-ஆம் ஆண்டு மே மாதம் மறைபரப்புச் சங்கம் ஒன்று தோன்றியது. காசு தந்தவர்களில் பட்டாலைகளில் உழைத்த ஏழைப் பெண்களும் இருந்தனர். 1922-இல் அச்சங்கம் போப்பாண்டவரின் நேரடிப் பொறுப்பில் ரோமுக்கு மாற்றப்பட்டது. 1926 முதல், அக்டோபர் மாதத்தின் கடைசிக்கு முந்தைய ஞாயிறன்று உலகெங்கும் உள்ள கத்தோலிக்க ஆலயங்களில் இந்நோக்கத்திற்காகக் காணிக்கை திரட்டப்படுகிறது. ஆப்பிரிக்காவின் ஏழைப் பங்குகளும் அன்று தம்மால் இயன்றதை அளிக்கின்றன.

இத்தனை பெரிய நிதிப் பெருக்கிற்கு ஊற்றுக்கண்ணாக இருந்த அந்த அம்மையார், தொழிலாளர் நலனுக்காகத் தொடங்கிய ஒரு முயற்சியில் ஏமாற்றப்பட்டுக் கடனாளியானார். 1862-இல் வறியவராகவே இறந்தார். உலகத்தின் கோடிகள் செல்ல வழி அமைத்தவரின் கையில் இறுதிக் காலத்தில் ஒன்றுமில்லை. 2022-ஆம் ஆண்டு அவர் லியோன் நகரில் அருளாளராக அறிவிக்கப்பட்டார்.

ஏழை கொடுத்த காசு ஏழைக்குச் செல்கிறது என்று காணும்போது நம் கேள்வி சற்று வடிவம் மாறுகிறது. தன் உணவில் ஒரு கவளத்தைக் குறைத்துக்கொண்டு, முகமறியாத ஒருவர் வழிபடும் இடத்திற்குக் கூரை அமைக்க நினைப்பவளிடம், 'நீ ஏன் அரிசி அனுப்பவில்லை?' என்று கடிந்து கேட்க நமக்கு வாய் வருமா?

யமுசுக்ரோவின் மாடம்

ஆனால் எல்லாக் கட்டடங்களும் இப்படி எழுவதில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் என நாம் அறியும் கோட் டிவாரின் முதல் ஜனாதிபதி பெலிக்ஸ் உஃபூவே புவாஞி, தம் சொந்த ஊராகிய யமுசுக்ரோவைத் தலைநகராக்கி, அங்கே அமைதியின் அன்னைக்கு ஒரு பேராலயம் எழுப்பினார். 1985-இல் அடிக்கல் நாட்டப்பட்ட அந்த ஆலயம் நான்கே ஆண்டுகளில் எழுந்தது. உச்சியிலுள்ள சிலுவையோடு சேர்த்து அதன் உயரம் 158 மீட்டர். ரோமில் உள்ள புனித பேதுரு ஆலயத்தையும் விஞ்சிய உயரம் அது. இத்தாலியிலிருந்து பளிங்கு வந்தது. பல ஆயிரம் சதுர மீட்டர் பரப்புக்கு வண்ணக் கண்ணாடிகள் பதிக்கப்பட்டன. செலவைப் பற்றிய கணிப்புகள் வேறுபட்டாலும், 30 கோடி டாலர் என்று பலர் சொல்வதுண்டு. தம் குடும்பச் சொத்திலிருந்தே செலவிட்டதாக ஜனாதிபதி கூறினார்.

அதே ஆண்டுகளில் அந்நாட்டின் நிலை என்ன? நாட்டின் உயிர்நாடியான கோகோவின் விலை உலகச் சந்தையில் வீழ்ந்தது. 1987-இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அரசு அறிவித்தது. 1989-இல் கோகோ விவசாயிக்கு அரசு தரும் விலை பாதியாகக் குறைக்கப்பட்டது. மாடம் வளர வளர விவசாயியின் கூலி தேய்ந்தது.

இந்த ஆலயத்தை அர்ப்பணிக்க வருவதற்குப் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் ஒரு நிபந்தனை விதித்தார்: அருகிலேயே ஏழைகளுக்கு ஒரு மருத்துவமனை கட்டப்பட வேண்டும். 1990-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் தேதி அவர் வந்து ஆலயத்தை அர்ப்பணித்தார். மருத்துவமனைக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆனால் அந்த மருத்துவமனை திறக்கப்பட்டது 2015-ஆம் ஆண்டில்! இடையில் வந்த உள்நாட்டுக் கலகங்கள் தாமதத்திற்கு ஒரு காரணம் என்பது உண்மைதான். என்றாலும், மாடத்திற்கு நான்கு ஆண்டுகளும் நோயாளியின் படுக்கைக்குக் கால் நூற்றாண்டும் ஆயின என்ற கணக்கு நம் நெஞ்சைக் குத்தாமல் விடாது. சுவாமிஜி சிகாகோவில் கேட்ட கேள்வி, இங்கே எவ்விதச் சலுகையும் இன்றிப் பொருந்துகிறது.

மனிதன் வயிறு மட்டும்தானா?

யமுசுக்ரோவைக் காட்டி, 'பசி தீரும் வரை கோயிலே கூடாது' என்று பொதுவிதி வகுத்துவிடலாமா? கிறிஸ்தவர்களின் புனித நூலிலேயே இவ்வாதம் வருகிறது. ஒரு பெண் விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை இயேசுவின் பாதங்களில் பூசியபோது, அதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று ஒருவன் குறை கூறினான். அவன் யூதாஸ், அவனுக்கு ஏழைகள்மீது உண்மையான அக்கறை இல்லை என்றும் அந்நூல் குறிப்பிடுகிறது. அப்பெண்ணின் அன்பை இயேசு ஏற்றுக்கொண்டார். வாதம் சரியாக இருந்தாலும், அதைப் பேசுபவரின் உள்ளமும் சோதனைக்குரியது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. கோயிலுக்குக் கொடுக்காதே, ஏழைக்குக் கொடு என்பவர் ஏழைக்காவது கொடுக்கிறாரா?

நம் உபநிடதங்களும் இங்கே ஒளி தருகின்றன. தைத்திரீய உபநிடதத்தில் பிருகு முதன்முதலில் அன்னத்தையே பிரம்மமாகக் கண்டார். அவருடைய தந்தை அதைப் பிழை என்று ஒதுக்கவில்லை. தவத்தைத் தொடரச் சொன்னார். அன்னத்தில் தொடங்கிய தேடல் பிராணன், மனம், அறிவு எனக் கடந்து ஆனந்தத்தில் நிறைவுற்றது. முதற்படியாகிய அன்னத்தை விட்டுத் தாவ முடியாது. முதற்படியிலேயே நின்றுவிடவும் கூடாது.

ஏழைக்கு அழகு தேவையில்லை, அமைதி தேவையில்லை, தன் குழந்தைக்குப் பெயர் சூட்டவும் இறந்தவரை வழியனுப்பவும் ஓர் இடம் தேவையில்லை என்று தீர்மானிக்க நாம் யார்? வயிறார உண்பவர்க்கே கடவுள், மற்றவர்க்குக் கஞ்சி போதும் என்று சொல்வது கருணை போல் தோன்றும் இகழ்ச்சியாகும். எது முதலில் வேண்டும் என்பதைப் பசித்தவர்களே சொல்லட்டும். பல வேளைகளில் அவர்கள் கிணற்றையே கேட்பார்கள்; சில வேளைகளில் கோயிலைக் கேட்பார்கள். இரண்டையும் செவிமடுத்துக் கேட்பதே கொடுப்பவரின் முதற்கடமை.

தூண்டிலும் இரையும்

கொடுப்பவரின் உள்நோக்கம் அடுத்த கேள்வி. பகவத்கீதையின் பதினேழாம் அத்தியாயம் தானத்தை மூவகையாகப் பிரிக்கிறது. கடமை என்ற உணர்வோடு, கைம்மாறு செய்ய இயலாதவருக்கு, தகுந்த இடத்திலும் காலத்திலும் தருவது சாத்விகம். பயனை எதிர்பார்த்தோ மனவருத்தத்தோடோ தருவது ராஜசம். மதிப்பின்றி, இகழ்ச்சியோடு தருவது தாமசம்.

இந்த அளவுகோலின்படி, பள்ளியையும் மருந்தையும் காட்டி மதமாற்றத்தை விலையாகக் கேட்கும் கொடை சாத்விகம் ஆகாது. அது தூண்டிலில் கோத்த இரை. பசியில் இருப்பவர் சொல்லும் சம்மதத்தைச் சுதந்திரமான சம்மதம் என்று கொள்ளவும் முடியாது. ஆப்பிரிக்காவில் மறைபணியும் காலனி ஆட்சியும் பல இடங்களில் கைகோத்து நடந்தன என்பதை வரலாறு அறிந்த எவரும் மறுக்கமாட்டார்கள்.

ஆனால் நீதி என்பது இருபுறமும் பார்ப்பது. இதே கத்தோலிக்க உலகில் வேறு விதக் கொடையையும் காண்கிறோம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், வீடிழந்து அகதிகளாய்த் திரிந்த ஜெர்மானியர்களுக்கு உதவ, டச்சுத் துறவி வெரன்ஃப்ரிட் வான் ஸ்ட்ராட்டன் 1947-இல் ஓர் அறப்பணியைத் தொடங்கினார். ஜெர்மானியரால் மிதிபட்ட பெல்ஜிய நாட்டின் விவசாயப் பெண்களிடம் சென்று, நேற்றைய பகைவருக்காக உணவு கேட்டார். அவர்களும் பன்றி இறைச்சியை அள்ளித் தந்தனர். இன்று ஆப்பிரிக்கா உட்படப் பல கண்டங்களில் ஆலயங்களுக்கும் பயிலகங்களுக்கும் உதவும் ஒரு பெரிய நிதியமைப்பின் தொடக்கம் இதுவே. பகைவனுக்கு ஈந்தவர் எந்தக் கைம்மாறை எதிர்பார்த்திருக்க முடியும்?

நம் பக்கமும் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். கோயிலுக்கு அளித்த குழல்விளக்கின் ஒளியையே மறைக்கும் அளவுக்குத் தம் பெயரை அதில் எழுதி வைக்கும் உபயதாரர்கள் நம்மிடையே இல்லையா? பெயரைத் திரும்பப் பெறுவதும் பயனைத் திரும்பப் பெறுவதுதான். ராஜசம் எந்த ஒரு மதத்திற்கும் தனியுரிமையன்று.

கல்லைச் சுமப்பது யார்?

கொடுப்பவரைப் பற்றி இத்தனை பேசும் நாம், பெறுபவரைப் பற்றி எண்ணத் தவறிவிடுகிறோம். வெளியிலிருந்து வந்த பணம், வெளியிலிருந்து வந்த வரைபடம், வெளியிலிருந்து வந்த கொத்தனார். கட்டி முடித்துத் திறப்பு விழாவும் நடந்தாயிற்று. பத்து ஆண்டுகளில் கூரை ஒழுகத் தொடங்கும்போது ஊரார் என்ன சொல்வார்கள்? 'கட்டியவர்கள் வந்து சரிசெய்யட்டும்' என்பார்கள். கட்டடம் ஊரில் இருந்தும் ஊருக்குச் சொந்தமாகவில்லை.

இந்த ஆபத்தை மறைபணியாளர்களில் தொலைநோக்கு உடையவர்கள் முன்பே உணர்ந்தனர். சூடானில் பணியாற்றிய இத்தாலியர் டேனியல் கொம்போனி 1864-இல் வகுத்த திட்டத்தின் உயிர்க்கருத்து, ஆப்பிரிக்காவின் உயர்வு ஆப்பிரிக்கர்களாலேயே நிகழ வேண்டும் என்பது.

இக்கருத்து செயலுருப் பெற்ற ஓர் இடம் மடகாஸ்கர். அந்நாட்டுத் தலைநகர் அன்டனனரிவோவின் அருகே உள்ள குப்பைமேட்டில் எச்சில் பொருள்களைப் பொறுக்கி வாழ்ந்த குடும்பங்களோடு 1989-இல் வாழத் தொடங்கினார் பெத்ரோ ஒபேகா என்ற பாதிரியார். அர்ஜென்டினாவில் பிறந்த அவர் ஒரு கொத்தனாரின் மகன். செங்கல் அடுக்கும் வேலையைத் தந்தையிடம் கற்றவர். உழைக்க இயன்றவருக்கு இலவசம் இல்லை. உழைப்புக்குக் கூலி உண்டு. குழந்தைகள் பள்ளிக்குச் சென்றே ஆக வேண்டும் என்பன அங்கு விதிகள். மக்களே அருகிலுள்ள கருங்கல் குன்றை உடைத்தார்கள், செங்கல் அறுத்தார்கள், மூவாயிரத்திற்கும் மேற்பட்ட வீடுகளை எழுப்பினார்கள். பள்ளிகளும் மருத்துவ நிலையங்களும் தோன்றின. மலகாசி மொழியில் 'நல்ல நண்பர்கள்' என்று பொருள்படும் அகமசோவா என்பதே அக்குடியிருப்பின் பெயர். 2019 செப்டம்பரில் போப்பாண்டவர் பிரான்சிஸ் அங்கு நேரில் சென்றார். வெளிநாட்டு அன்பர்களின் பணம் அங்கும் வந்தது. ஆனால் அது சிமெண்டாக மாறுவதற்கு முன் மக்களின் வியர்வையோடு கலந்தது.

மாலி நாட்டின் ஜென்னே நகர மசூதியையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். 1907-இல் இன்றைய வடிவில் எழுந்த அது முழுவதும் மண்ணால் ஆனது. ஆண்டுதோறும் ஊர் முழுவதும் திரண்டு வந்து, சேறு குழைத்துச் சுவர்களுக்குப் பூசுகிறது. ஆண்டுக்கொரு முறை ஊரார் கை படாவிட்டால் நிலைக்காத கட்டடம் அது. அதனாலேயே அது எந்தப் பளிங்கு மாளிகையை விடவும் அம்மக்களுக்குச் சொந்தம்.

சுவர்களால் இயலாதது

கட்டடம் எழுந்துவிட்டது, மக்களும் நிறைந்துவிட்டனர். அதோடு நோக்கம் நிறைவேறிற்றா? ருவாண்டா இதற்கு நடுக்கம் தரும் விடையைத் தருகிறது. ஆப்பிரிக்காவிலேயே கத்தோலிக்கர் மிகுந்த நாடுகளில் ஒன்று அது. 1994-இல் அங்கு நிகழ்ந்த இனப்படுகொலையில், அடைக்கலம் தேடி ஆலயங்களுக்குள் ஓடிய மக்கள் அந்த ஆலயங்களிலேயே கொல்லப்பட்டனர். கொன்றவர்களில் பலர் அதே ஆலயங்களில் ஞாயிறுதோறும் மண்டியிட்டவர்கள். நியாங்கே என்னுமிடத்தில், உள்ளே மக்கள் இருக்கும்போதே ஆலயம் இயந்திரங்களால் இடித்து வீழ்த்தப்பட்டது. இக்குற்றத்தில் பங்கு கொண்டதற்காக அவ்வாலயத்தின் பாதிரியாருக்கே சர்வதேச நீதிமன்றம் தண்டனை விதித்தது. 2017-இல் போப்பாண்டவர் பிரான்சிஸ், திருச்சபையினர் செய்த பாவங்களுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார்.

மூன்றாண்டுகள் கழித்து, பக்கத்து நாடான புருண்டியில் வேறொரு காட்சி. 1997 ஏப்ரல் இறுதியில் புத்தா என்ற இடத்திலிருந்த குருமாணவர் பயிலகத்திற்குள் ஆயுதமேந்தியோர் நுழைந்தனர். ஹூட்டு ஒரு பக்கம், டூட்ஸி ஒரு பக்கம் பிரிந்து நிற்குமாறு மாணவர்களுக்குக் கட்டளையிட்டனர். அந்த இளைஞர்கள் பிரிய மறுத்தனர். நாற்பது மாணவர்கள் ஒன்றாக உயிர் துறந்தனர்.

அங்கும் சுவர், இங்கும் சுவர். ஒன்றில் சுவருக்குள் கூடியவர்கள் அயலானைப் பகைவனாகக் கண்டார்கள். மற்றொன்றில் சகோதரனாகக் கண்டார்கள். செங்கல்லுக்குப் பணம் அனுப்பலாம். இந்தக் கண்ணோட்டத்தை அனுப்ப எந்த வங்கியாலும் இயலாது. அதை அங்கு வாழ்பவர்தாம் நாள்தோறும் வளர்த்தெடுக்க வேண்டும். ஆகவே ஆலயத்திற்குக் கொடுப்பவர், கட்டி முடிந்ததும் தம் கடமை முடிந்ததென்று எண்ணினால், அவர் வேலையின் எளிய பகுதியை மட்டுமே செய்தவர் ஆவார்.

விட்டுக்கொடுக்கும் கோயில்

இதுவரை சிந்தித்தவற்றைத் தொகுத்துப் பார்ப்போம். ஏழைகள் நடுவே எழும் ஒரு கோயிலைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்கலாம். அதை அம்மக்களே விரும்பிக் கேட்டார்களா? அவர்களின் கையும் உழைப்பும் அதில் கலந்துள்ளனவா? துன்பம் வரும் நாளில், அது தன்னையே விட்டுக்கொடுக்கச் சித்தமாக உள்ளதா?

மூன்றாவது கேள்வியே உரைகல். நான்காம் நூற்றாண்டில் மிலான் நகரப் பிஷப்பாக இருந்த அம்புரோசியார், போரில் சிறைப்பட்டவர்களை மீட்க ஆலயத்தின் பொன்பாத்திரங்களை உருக்கி விற்றார். 1898-இல் கல்கத்தாவில் பிளேக் பரவியபோது, நிவாரணப் பணிக்குப் பணமில்லையேல் மடத்திற்கென்று அப்போதுதான் வாங்கிய நிலத்தையே விற்றுவிடுவோம் என்று முன்வந்தார் சுவாமி விவேகானந்தர். இருவரும் தம் கோயிலை நேசித்தவர்கள். மனிதனைக் காக்க அதை இழக்கவும் துணிந்தவர்கள்.

வடக்கு உகாண்டாவின் குலு நகருக்கு அருகே, கொம்போனி சபையினர் 1959-இல் தொடங்கிய லாச்சோர் மருத்துவமனை உள்ளது. கலகப் படையினர் இரவில் கிராமங்களுக்குள் புகுந்து குழந்தைகளைக் கடத்திச் சென்ற ஆண்டுகளில், மாலைதோறும் ஆயிரக்கணக்கான தாய்மாரும் குழந்தைகளும் பாயைச் சுருட்டிக்கொண்டு அதன் வளாகத்திற்கு நடந்து வந்து, விடியும்வரை தங்கிச் சென்றனர். 2000-ஆம் ஆண்டு எபோலா நோய் பரவியபோது, நோயாளிகளைக் கைவிடாமல் நின்ற அதன் தலைமை மருத்துவர் மேத்யூ லுக்வியா அந்நோயாலேயே உயிர் நீத்தார். செவிலியர் பலரும் அவ்வாறே மாண்டனர். அங்கே கோபுரம் இல்லை. ஆனால் அதைக் கோயில் என்று சொல்ல நாம் தயங்க வேண்டியதில்லை.

இத்தனைக்குப் பிறகும், ஓர் உறுத்தல் எஞ்சவே செய்யும். கோயில் எழுந்துகொண்டிருக்கும்போதே அதே ஊரில் மருந்தின்றி ஒரு குழந்தை இறந்தால், மேற்கூறிய எந்த நியாயமும் அந்தத் தாயின் முன் நில்லாது. அந்த உறுத்தலை வாதங்களால் போக்கிக்கொள்ள முயல வேண்டாம். அது இருப்பதே நல்லது. கொடுப்பவரின் நெஞ்சில் அது இருக்கும்வரை, ஆலயத்திற்குச் செல்லும் அடுத்த காணிக்கையோடு ஒரு கிணற்றுக்கும் வழி பிறக்கும். ஆலயக் கதவும் பசித்தவருக்கு மூடாமல் இருக்கும்.

அடுத்த முறை எந்தத் திருப்பணிக்கேனும் காணிக்கை செலுத்தும்போது, அது எந்த மதத்தின் திருப்பணியாயினும், இந்த மூன்று கேள்விகளையும் நம் உள்ளத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்வோம். கேட்டபின் கொடுப்போம், நிறையவே கொடுப்போம்.